பூஜ்யத்துக்குக் கீழே

இலக்கியம் வாசிக்க வருகிற நண்பர்களிடம் நிரல் தொகுப்பதைப் பற்றிப் பேசச் சற்றுத் தயக்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் என்னைப் பல நாட்கள் தூங்கவிடாமல் செய்த ஒரு விஷயம் அதற்குள்தான் இருக்கிறது. கணினித் துறையில் இல்லாதவர்களும் தொடர்ந்து வரும்படி சொல்ல முயல்கிறேன். எங்கேனும் புரியாமல் போனால் குறை என்னுடையது.

2018ஆம் ஆண்டு, தூத்துக்குடிக்கு அருகே ஒரு மீன் குளிர்பதனக் கிடங்குக்கு வெப்பநிலைக் கண்காணிப்புப் பெட்டி ஒன்று செய்து தரும் வேலை எனக்கு வந்தது. உறைந்த மீனும் இறாலும் பூஜ்யத்துக்குக் கீழே 18 டிகிரி செல்சியஸிலோ அதைவிடக் குளிரிலோ இருக்க வேண்டும் என்பது பொதுவான விதி. நான்கு அறைகளில் நான்கு உணர்விகள், அவற்றிலிருந்து கம்பி வழியே வரும் எண்களைப் படிக்கும் ஒரு சிறிய கணினிப் பலகை, எண்களைக் காட்ட ஒரு திரை, குளிர் குறைந்தால் அடிக்க ஒரு மணி. பெட்டி என்பது இவ்வளவுதான்.

அதுவரை அந்த வேலையை ஒரு மனிதர் செய்துகொண்டிருந்தார். கிடங்கு தொடங்கிய நாள் முதல் அங்கே இருப்பவர்; எல்லோருக்கும் அவர் அண்ணாச்சி. இரண்டு மணிக்கு ஒருமுறை, இரவிலும் கூட, ஒவ்வோர் அறையின் கதவிலும் இருக்கும் முள் வெப்பமானியைப் பார்த்து ஒரு நீள நோட்டில் எழுதிவைப்பார். அறுபதைக் கடந்தவரை இன்னும் இரவெல்லாம் விழித்திருக்கச் செய்ய வேண்டாம் என்று உரிமையாளர் நினைத்தார். பெட்டிக்கான முதல் காரணம் அதுதான்.

*

அந்தப் பலகையில் இருந்த நினைவகம் 64 மெகாபைட். நிரல்களை இயந்திர மொழிக்கு மாற்றும் தொகுப்பியை அதில் நிறுவ இடம் கிடையாது. எனவே என் மேசைக் கணினியில் தொகுத்து, விளைந்ததை அந்தப் பலகைக்கு ஏற்றியாக வேண்டும். என் கணினியில் இருப்பது இன்டெல் சில்லு. பலகையில் இருப்பது ஆர்ம் சில்லு. ஒன்றுக்கான கட்டளைகள் மற்றொன்றுக்கு வெறும் பிதற்றல். ஓர் இயந்திரத்தில் அமர்ந்துகொண்டு அதில் ஓடவே ஓடாத நிரலை வேறோர் இயந்திரத்துக்காகத் தொகுக்கும் இந்த வேலைக்குக் கிராஸ் கம்பைலிங் என்று பெயர். கடல் கடந்து இருக்கும் ஒருவருக்கு இங்கிருந்தே சட்டை தைத்து அனுப்புவதைப் போன்றது. போட்டுப் பார்க்கச் சொல்ல முடியாது. அளவுகளை நம்பித் தைக்க வேண்டும்.

உணர்விகளோடு பேசும் பகுதியை நான் எழுதவில்லை. சீரியல் போர்ட் வழியாக வரும் செய்திகளைப் பிரித்து எண்களாகத் தரும் சிறிய நிரலகம் ஒன்று, மூல நிரலோடு, இலவசமாகக் கிடைத்தது. (லைப்ரரியை நிரலகம் என்று எழுதும் பழக்கம் எனக்கு உண்டு. புத்தகங்கள் இருக்கும் நூலகத்தோடு குழப்பிக்கொள்ளாமல் இருக்க வசதியான சொல்.) பல ஆண்டுகளாகப் பலர் பயன்படுத்திவரும் ஒழுங்கான நிரலகம். அதை என் கணினிக்காகத் தொகுத்தபோது ஒரு நிமிடத்தில் முடிந்தது. பலகைக்காகத் தொகுக்க முயன்றபோதுதான் இந்தக் கதை தொடங்குகிறது.

யூனிக்ஸ் வழிவந்த இயங்குதளங்கள் ஒன்றைப் போல் ஒன்று இருப்பதில்லை. ஒன்றில் இருக்கும் வசதி இன்னொன்றில் இருக்காது. இருந்தாலும் நடத்தை மாறும். 1991ஆம் ஆண்டு டேவிட் மெக்கென்ஸி என்பவர் இதற்கொரு தீர்வாக ஆட்டோகான்ஃப் என்ற கருவியை எழுதத் தொடங்கினார். அது உருவாக்கித் தரும் 'கான்ஃபிகர்' என்ற ஸ்கிரிப்ட், தொகுப்பு வேலை தொடங்கும் முன்பாக இயந்திரத்திடம் வரிசையாகக் கேள்விகள் கேட்கும். இந்தச் செயற்கூறு உன்னிடம் உண்டா? உன் முழு எண்ணின் நீளம் எத்தனை பைட்? கேட்கும் விதம்தான் அழகானது. ஒவ்வொரு கேள்விக்கும் நான்கைந்து வரியில் ஒரு குட்டி நிரலை எழுதித் தொகுத்துப் பார்க்கும். தொகுக்க முடிந்தால் ஒரு விடை, முடியாவிட்டால் இன்னொரு விடை. சில கேள்விகளுக்குத் தொகுப்பது மட்டும் போதாது; அந்தக் குட்டி நிரலை ஓட்டிப் பார்த்தால்தான் தெரியும்.

இந்த உலகில் இயந்திரங்களுக்கு மூன்று பெயர்கள் உண்டு. தொகுப்பு வேலை நடக்கும் இயந்திரம் 'பில்ட்'. தொகுக்கப்பட்டது ஓடப்போகும் இயந்திரம் 'ஹோஸ்ட்'. தொகுக்கப்படுவதே ஒரு தொகுப்பியாக இருந்தால், அந்தத் தொகுப்பி யாருக்காக நிரல் விளைவிக்கப் போகிறதோ அந்த இயந்திரம் 'டார்கெட்'. ஹோஸ்ட் என்றால் என் மேசையில் இருப்பது என்றே நான் பல காலம் மயங்கியிருக்கிறேன்; விருந்தளிப்பவர் நாம்தானே என்ற நினைப்பு. மூன்றும் மூன்று வேறு இயந்திரங்களாக அமைந்துவிட்டால் அதற்குக் 'கனேடியன் கிராஸ்' என்று பெயர். இதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்த காலத்தில் கனடாவில் மூன்று தேசியக் கட்சிகள் இருந்தனவாம். நிரலாளர்களின் நகைச்சுவை பெரும்பாலும் இந்த அளவில்தான் இருக்கும்.

பில்ட்டும் ஹோஸ்ட்டும் வேறு வேறு என்று சொன்னவுடன் கான்ஃபிகர் தடுமாறத் தொடங்குகிறது. குட்டி நிரல்களைத் தொகுக்கலாம், ஓட்ட முடியாது. ஓட வேண்டிய இயந்திரம் அங்கே இல்லை. அதைச் சுற்றியிருக்கும் மற்றக் கருவிகளுக்கோ தங்களைத் தவிர வேறு இயந்திரம் ஒன்று இருக்கக்கூடும் என்பதே மறந்துவிடுகிறது. துணை நிரலகம் ஒன்று எங்கே இருக்கிறது என்று பேக்கேஜ் கான்ஃபிக் என்ற கருவியைக் கேட்டேன். அது தயங்காமல் என் கணினியின் அடைவைக் காட்டியது. இன்டெல்லுக்கான நிரலகத்தை ஆர்ம் நிரலோடு இணைக்கப் போய், இணைப்பி 'பொருந்தாதது, தவிர்க்கிறேன்' என்று புலம்பியது. பலகைக்கான கோப்புகள் இருக்கும் அடைவை மட்டுமே பார் என்று கட்டளையிட்டு அதைச் சரிசெய்தேன். பிறரையும் தன்னைப் போல் எண்ண வேண்டும் என்று நமக்குச் சொல்லித்தந்திருக்கிறார்கள். இந்தத் தொழிலில் பாதிப் பிழைகள் அந்த நல்ல குணத்தால் வருகின்றன.

*

அடுத்து வந்த பிழைதான் ஒரு மாலை முழுவதையும் விழுங்கியது. எல்லாம் தொகுக்கப்பட்டு, இணைக்கும் கடைசிக் கட்டத்தில், 'ஆர்பிஎல் மாலக்' என்ற செயற்கூற்றைக் காணவில்லை என்று வேலை நின்றது. மூல நிரலில் எங்கு தேடினாலும் அந்தப் பெயர் இல்லை. நான் எழுதவில்லை, நிரலகத்தின் ஆசிரியரும் எழுதவில்லை. யாரும் அழைக்காத ஒருவர் வரவில்லை என்று பந்தியை நிறுத்தியதைப் போல் இருந்தது.

விஷயம் இதுதான். நினைவகத்தில் இடம் கேட்கும் செயற்கூறு மாலக். 'பூஜ்யம் பைட் இடம் கொடு' என்று அதனிடம் கேட்டால் என்ன செய்ய வேண்டும்? வெறுங்கையைக் காட்டலாம், அல்லது ஏதோ ஒரு முகவரியைத் தரலாம். சி மொழியின் தரநிலை இரண்டையும் அனுமதிக்கிறது. லினக்ஸில் வழக்கமாக இருக்கும் குனூ சி நிரலகம் முகவரி தரும். கான்ஃபிகர் இதைச் சோதிக்க ஒரு குட்டி நிரலை ஓட்டிப் பார்க்க விரும்புகிறது. ஓட்ட முடியாத நிலையில், அந்த ஸ்கிரிப்ட், 'தராது' என்று மோசமானதையே எடுத்துக்கொண்டது. அப்படியானால் மாற்று ஏற்பாடு வேண்டுமே. நிரலில் மாலக் என்று வரும் இடத்தையெல்லாம் சத்தமில்லாமல் ஆர்பிஎல் மாலக் என்று மாற்றிவிட்டது. அந்த மாற்றுச் செயற்கூற்றை நிரலகத்தின் ஆசிரியர்தான் எழுதிச் சேர்த்திருக்க வேண்டும். தன் கணினியில் ஒருபோதும் தேவைப்படாத ஒன்றை அவர் எழுதியிருக்கவில்லை.

மருந்து ஒரே வரி. கான்ஃபிகர் தன் விடைகளை மாறிகளில் குறித்து வைத்துக்கொள்ளும். அந்த மாறியில் முன்கூட்டியே 'ஆம்' என்று எழுதிக் கொடுத்துவிட்டால், கேள்வியே கேட்காமல் அதை ஏற்றுக்கொள்ளும். எழுதிக் கொடுத்தேன். தொகுப்பு முடிந்தது. இரவு பதினோரு மணிக்கு, இல்லாத சிக்கலைக் கற்பனை செய்துகொண்டு என் மாலையைப் பாழாக்கிய அந்த அவநம்பிக்கைக்கார ஸ்கிரிப்ட்டைத் திட்டியபடியே தேநீர் போட்டேன்.

திரையில் கான்ஃபிகர் கேட்ட கேள்விகள் நூற்றுக்கும் மேல் ஓடியிருந்தன. நின்று சத்தம்போட்ட ஒன்றை மட்டும் பார்த்தேன். சத்தம் போடாதவற்றைப் பார்க்க அப்போது தோன்றவில்லை.

*

பெட்டியை வீட்டிலேயே சோதித்தேன். உணர்வியைக் கையில் பிடித்தால் எண் ஏறியது. வெந்நீரில் இட்டேன், 60ஐத் தாண்டியது. ஒரு டம்ளர் நிறைய ஐஸ் கட்டிகளைப் போட்டு அதில் இட்டேன், இறங்கி இறங்கி 0இல் வந்து நின்றது. உருகும் பனிக்கட்டியின் வெப்பநிலை பூஜ்யம். பாடப்புத்தகம் சொன்னபடியே வந்துவிட்டது. மிகுந்த நிறைவோடு பெட்டியைக் கட்டி எடுத்துக்கொண்டு போய், ஒரு வியாழக்கிழமை கிடங்கில் பொருத்தினேன். அறைகளில் உணர்விகளை வைத்ததும் எண்கள் 30லிருந்து இறங்கத் தொடங்கின. அவை நிலைகொள்ள நேரமாகும் என்று சொல்லிவிட்டு மாலை ரயிலைப் பிடித்தேன்.

வெள்ளிக்கிழமை காலை அண்ணாச்சி தொலைபேசினார்.

"தம்பி, கதவுல முள்ளு பதினெட்டுல நிக்கு. உங்க பொட்டி நாலு ரூமுக்கும் சைபருங்குது. ராத்திரி பூரா மணி அடிக்கி. அதுக்கு சைபருக்குக் கீழ எண்ணத் தெரியாதோ?"

விளையாட்டாகத்தான் கேட்டார். அதுதான் உண்மை என்று அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. உணர்விகளின் இணைப்பில் ஏதோ கோளாறு என்று நினைத்தேன். "திங்கக்கிழமை வந்து பாத்துடுறேன் அண்ணாச்சி. அதுவரைக்கும் மணிய ஆஃப் பண்ணி வச்சிருங்க" என்றேன்.

இந்தக் கட்டுரையில் நான் சொல்ல வேண்டிய குற்றம் அந்த ஒரு வாக்கியம்தான்.

சனிக்கிழமை இரவு கிடங்குக்கு வரும் மூன்று ஃபேஸ் மின்சாரத்தில் ஒன்று போயிற்று. மோட்டார் எரியாமல் காக்கும் பாதுகாப்பு அமைப்பு கம்ப்ரசரை நிறுத்திவிட்டது. மற்ற இரண்டு ஃபேஸ்களில் விளக்குகள் எரிந்துகொண்டிருந்ததால் காவலாளிக்கு எதுவும் வித்தியாசமாகத் தெரியவில்லை. பெட்டி வந்துவிட்டது, இனி இரவில் தூங்கலாம் என்று அண்ணாச்சியிடம் சொல்லப்பட்டிருந்தது. ஆனால் பூஜ்யத்தைக் காட்டும் பெட்டியை நம்பித் தூங்க அவருக்கு மனம் வரவில்லை. வழக்கம்போல் எழுந்து பார்த்திருக்கிறார். அந்த இரவின் பக்கத்தை நான் பிறகு பார்த்தேன். முதல் அறைக்கான பத்தியில் பத்து மணிக்கு 18, பன்னிரண்டு மணிக்கு 17, இரண்டு மணிக்கு 14. அதற்குக் கீழே எண்கள் இல்லை. 'ஜெனரேட்டர்' என்று மட்டும் எழுதியிருந்தது.

சரக்கு தப்பியது. எத்தனை டன் இருந்தது என்று உரிமையாளர் சொன்னபோது நான் கேட்காதது போல் இருந்துவிட்டேன்.

*

திங்கட்கிழமை காலை கிடங்கின் அலுவலகத்தில் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். இணைப்புகளில் எந்தக் கோளாறும் இல்லை. உணர்வியை வெளியே எடுத்தால் சரியான எண் வந்தது, உள்ளே வைத்தால் பூஜ்யம் வரை இறங்கி நின்றது. என் மேசையில் இப்படி ஆகவில்லையே என்று அண்ணாச்சியிடம் சொன்னேன். எப்படிச் சோதித்தீர்கள் என்று கேட்டார். ஐஸ் டம்ளரைப் பற்றிச் சொன்னேன்.

"உப்பு போட்டீங்களா?"

போடவில்லை என்றேன்.

"வெறும் ஐசு சைபருக்குக் கீழ எப்படிப் போவும் தம்பி? குல்பி விக்கிறவன்கூட உப்பப் போட்டுத்தான உறைய வைக்கான். உப்பளத்து ஊருக்கு வந்துட்டு உப்பு போடாமப் பாத்திருக்கீங்க."

எழுந்து போய் ஒரு வாளியில் ஐஸும் கை நிறையக் கல்லுப்பும் கலந்து கொண்டுவந்தார். கணினியை இணைத்து, உணர்வியிலிருந்து வரும் எண்களை வடிகட்டாமல் அப்படியே பார்த்தேன். 2, 1, 0, அடுத்து 255, 254, 253. அந்த வரிசையைப் பார்த்ததும் எனக்கு விஷயம் விளங்கிவிட்டது.

ஒரு பைட் என்பது எட்டு பிட்டுகள். அவற்றைக் குறியில்லாத எண்ணாக வாசித்தால் 0 முதல் 255 வரை. குறியுள்ள எண்ணாக வாசித்தால் -128 முதல் 127 வரை. -18க்கும் 238க்கும் எட்டு பிட்டுகளும் ஒன்றே. எழுத்து ஒன்றுதான், வாசிப்பு இரண்டு. சி மொழியில் 'சார்' என்ற வகையை இந்த இரண்டில் எப்படி வாசிப்பது என்பதை 1989ஆம் ஆண்டின் தரநிலை தொகுப்பியை எழுதுபவர்களின் விருப்பத்துக்கு விட்டுவிட்டது. இன்டெல் இயந்திரங்களில் லினக்ஸில் அது குறியுள்ளது. ஆர்ம் லினக்ஸில் குறியில்லாதது. இதற்குக் காரணம் வரலாறு. 1985இல் உருவான முதல் ஆர்ம் சில்லில், நினைவகத்திலிருந்து ஒரு பைட்டை எடுக்கும் கட்டளை மேலுள்ள இடங்களைப் பூஜ்யத்தால் நிரப்பும். குறியோடு எடுக்கும் கட்டளை பின்னால் வந்த நான்காம் பதிப்புக் கட்டமைப்பில்தான் சேர்ந்தது. அதற்குள் குறியில்லாத சார் வழக்கமாகிவிட்டது.

நிரலகத்தின் ஆசிரியருக்கு இது தெரியும். அதற்கென்றே கான்ஃபிகரில் ஒரு கேள்வி வைத்திருந்தார். குட்டி நிரலில் ஒரு சாருக்குள் -1ஐ இட்டு, அது பூஜ்யத்தைவிடச் சிறியதா என்று ஓட்டிப் பார்ப்பது. சார் குறியில்லாதது என்று தெரிந்தால் மட்டும் எண்களைத் திருத்தும் சில வரிகள் நிரலோடு சேரும். அப்படியானால் என் பலகைக்கு அந்த வரிகள் சேர்ந்திருக்க வேண்டுமே?

பழைய பதிவைத் திறந்து வரி வரியாகப் படித்தேன். 'சார் குறியுள்ளதா... ஆம்' என்று இருந்தது.

ஓட்டிப் பார்க்கும் சோதனை எழுதுபவர்களுக்கு ஆட்டோகான்ஃப் நான்கு இடங்கள் தருகிறது. முதலாவது குட்டி நிரல். இரண்டாவது, வெற்றியானால் என்ன செய்ய. மூன்றாவது, தோல்வியானால் என்ன செய்ய. நான்காவது, கிராஸ் கம்பைல் நடப்பதால் ஓட்டவே முடியாவிட்டால் என்ன செய்ய. நான்காவதைக் காலியாக விட்டால், 'கிராஸ் கம்பைல் செய்யும்போது சோதனை நிரலை ஓட்ட முடியாது' என்ற பிழையோடு எல்லாம் நின்றுவிடும். ஆசிரியர் அதைக் காலியாக விடவில்லை. யாருக்கும் தொல்லை வேண்டாம் என்று நினைத்திருப்பார். அந்த இடத்தில் 'ஆம்' என்று எழுதியிருந்தார். அவருடைய கணினியில் ஆம்தான்.

திரையில் அந்த விடைக்கு அருகே 'இது ஊகம்' என்ற குறிப்புக்கூட இல்லை. சோதித்துக் கண்ட விடையும் ஊகித்த விடையும் ஒரே எழுத்தில், ஒரே வரிசையில் இருந்தன. இத்தனைக்கும் இதே கருவிப்பெட்டியில் இயந்திரத்தின் வகையைக் கண்டுபிடிக்கும் ஸ்கிரிப்ட்டுக்குக் 'கான்ஃபிக் கெஸ்', அதாவது ஊகம், என்றே நேர்மையாகப் பெயர் வைத்திருக்கிறார்கள்.

ஆனால் பூஜ்யத்தில் உறைந்து நின்றதற்கு அவர் பொறுப்பல்ல. உணர்வியின் எல்லைக்கு வெளியே ஓர் எண் வந்தால் அதைக் கம்பியில் நுழைந்த இரைச்சலாகக் கருதி ஒதுக்கிவிட்டு, கடைசியாக வந்த நல்ல எண்ணையே காட்டிக்கொண்டிரு என்று எழுதியிருந்தது நான். 238 என்று திரையில் வந்திருந்தால் ஐந்து வயதுக் குழந்தைக்கும் தெரிந்திருக்கும். அவர் ஒரு 'ஆம்' என்று இட்டு ஒரு கேள்வியை அமைதியாக்கினார். நான் அந்த அபத்தமான எண்ணை அமைதியாக்கினேன். பிறகு மணியையும்.

மாலக் விஷயத்தில் நான் திட்டிய அவநம்பிக்கை நினைவுக்கு வந்தது. அதுவும் ஊகம்தான், தவறான ஊகம்தான். ஆனால் எதிர்மறையாக ஊகித்ததால் அது சத்தம் போட்டு நின்றது. எனக்குச் செலவு ஒரு மாலை. நல்லெண்ணத்தோடு ஊகித்தது நிற்கவில்லை. என்னோடு ரயிலேறிக் கிடங்கு வரை வந்துவிட்டது.

*

எப்படித் திருத்துவது என்பதில் எனக்கு முன் மூன்று வழிகள் இருந்தன.

முதல் வழி, மாலக்குக்குச் செய்ததைப் போலவே, அந்த மாறியில் சரியான விடையை எழுதிக் கொடுப்பது. அன்று மாலைக்குள் பெட்டி வேலை செய்ய வேண்டும் என்பதால் அலுவலகத்தில் இருந்தபடியே அதைத்தான் செய்தேன். ஆனால் அது என் பலகைக்கு மட்டுமான விடை. இந்த விடைகளைக் கோப்பாக்கி ஒரு திட்டத்திலிருந்து இன்னொன்றுக்கு நகலெடுப்பவர்கள் பலர், நானும் செய்திருக்கிறேன். ஒருவருக்கு எடுத்த அளவில் இன்னொருவருக்குத் தைக்கும் வேலை.

இரண்டாவது வழி, கேள்வியைக் கேட்கும் முறையை மாற்றுவது. ஊர் திரும்பியபின் ஆட்டோகான்ஃபின் உள்ளே இருக்கும் மற்றச் சோதனைகளைப் படித்தேன். எதிரில் இல்லாத இயந்திரத்தைப் பற்றி, எதையும் ஓட்டாமல் தெரிந்துகொள்ள அதில் செய்திருக்கும் யுக்திகள் என்னை வியக்கவைத்தன. ஓர் எண்ணின் நீளம் தெரிய வேண்டுமா? ஓர் அணியை அறிவிக்கும் குட்டி நிரல் எழுதுகிறது. நீளம் நான்கு பைட்டுக்கு மேல் என்பது பொய்யானால் அந்த அணியின் அளவு எதிர்ம எண்ணாகிவிடும்படி அமைக்கிறது. எதிர்ம அளவில் அணி இருக்க முடியாது என்று தொகுப்பி மறுக்கும். அந்த மறுப்புதான் விடை. இப்படி மறுப்பையும் ஏற்பையும் வைத்து எல்லையை நெருக்கி நெருக்கிச் சரியான எண்ணுக்கு வந்துவிடுகிறது.

பைட்டுகளின் வரிசையைக் கண்டுபிடிக்கும் சோதனை இன்னும் அழகு. பெரிய எண்ணை நினைவகத்தில் வைக்கும்போது உயர்ந்த பைட்டை முதலில் வைக்கும் இயந்திரங்கள் உண்டு, தாழ்ந்த பைட்டை முதலில் வைப்பவையும் உண்டு. பிக் எண்டியன், லிட்டில் எண்டியன் என்ற பெயர்களை இவற்றுக்கு 1980இல் டேனி கோஹன் என்ற கணினி அறிஞர் வைத்தார். ஜோனதன் ஸ்விஃப்ட் 1726இல் எழுதிய கலிவரின் பயணங்களில், முட்டையை எந்த முனையில் உடைப்பது என்று போரிட்டுக்கொள்ளும் லில்லிபுட் மக்களிடமிருந்து எடுத்த பெயர்கள் அவை. கான்ஃபிகர் என்ன செய்கிறது தெரியுமா? சில எண்களைத் தேர்ந்தெடுத்து அணியாக அடுக்குகிறது. ஒரு வரிசையில் வைத்தால் அவற்றின் பைட்டுகள் எழுத்துகளாகி 'பிக் எண்டியன்' என்று வாசிக்கக் கிடைக்கும். இன்னொரு அணியை மறு வரிசையில் வைத்தால் 'லிட்டில் எண்டியன்' என்று கிடைக்கும். நிரலைத் தொகுத்து, விளைந்த கோப்பில் எந்தச் சொல் இருக்கிறது என்று தேடிப் பார்க்கிறது. எதையும் ஓட்டவில்லை. தொலைவில் இருக்கும் இயந்திரத்தின் கையெழுத்தை அந்தக் கோப்பிலேயே படித்துவிடுகிறது.

சார் குறியுள்ளதா என்ற கேள்வியையும் எதிர்ம அளவு அணியின் முறையில் கேட்க முடியும். ஓட்டத் தேவையில்லை, நான்காவது இடத்தில் யாரும் எதையும் ஊகித்து எழுதத் தேவையில்லை. ஆட்டோகான்ஃபிலேயே இதற்கு ஆயத்தமான சோதனை ஒன்று உண்டு. திருத்தத்தை அப்படித்தான் முதலில் எழுதினேன்.

வேறு கருவிகள் வேறு விதமாக இதை அணுகுகின்றன. சிமேக், ஓட்டிப் பார்க்க வேண்டிய கேள்விகளை ஒரு கோப்பில் எழுதிவைத்துவிட்டு, நீயே நிரப்பு என்று நின்றுவிடும். மெசான், ஹோஸ்ட் இயந்திரத்தைப் போல் நடிக்கும் ஒரு நிரலின் வழியாகக் குட்டி நிரல்களை ஓட்டிப் பார்க்க இடம் தருகிறது. ஃபாப்ரிஸ் பெல்லார்டு 2003இல் வெளியிட்ட கெமு அப்படிப்பட்ட நடிகர். இன்டெல் கணினியில் ஆர்ம் நிரலை ஓட்டிக் காட்டும். எந்த முறையானாலும், தெரியாததைத் தெரிந்தது போல் காட்டாமல் இருந்தால் எனக்குச் சம்மதம்.

மூன்றாவது வழியை, திருத்தத்தை அனுப்பிய பிறகு நிரலகத்தின் ஆசிரியரே சொன்னார். கேள்வியையே எடுத்துவிடலாம் என்று எழுதியிருந்தார். 1989இன் தரநிலையிலேயே 'சைன்ட் சார்' என்று ஒரு வகை உண்டு. எந்த இயந்திரத்திலும் அது குறியுள்ளதுதான். நிரலில் வெப்பநிலை வரும் இடங்களில் எல்லாம் சார் என்பதை சைன்ட் சார் என்று மாற்றிவிட்டால், அந்த இயந்திரம் எப்படிப்பட்டது என்று நாம் அறிந்துகொள்ளவே வேண்டியதில்லை. பதினொரு இடங்களில் ஒரு சொல்லைச் சேர்த்தோம். கான்ஃபிகரிலிருந்து ஒரு கேள்வியும், அதை நம்பியிருந்த வரிகளும் நீங்கின. நான் எழுதிய அழகான அணிச் சோதனையும் அதோடு போயிற்று. சற்று வருத்தமாகத்தான் இருந்தது.

என் நிரலிலும் ஒரு மாற்றம் செய்தேன். ஒப்புக்கொள்ள முடியாத எண் வந்தால் திரை இப்போது பழைய எண்ணைக் காட்டாது. வந்த எண்ணையே காட்டி, அருகில் ஒரு கேள்விக்குறியையும் இடும்.

*

அடுத்த மாதம் புதிய நிரலை ஏற்றுவதற்காகக் கிடங்குக்குப் போனேன். நான்கு அறைகளுக்கும் திரையில் -18, -18, -19, -18. முள் வெப்பமானிகளோடு ஒவ்வொன்றாக ஒப்பிட்டுப் பார்த்தேன். மணியின் சுவிட்சைப் போட்டு, ஓர் உணர்வியை வெளியே எடுத்து, அது அடிக்கிறதா என்றும் பார்த்தேன். அடித்தது.

அண்ணாச்சி இரவில் வருவதை நிறுத்தியிருந்தார். ஆனால் பகலில் நோட்டு எழுதுவதை நிறுத்தவில்லை. புதிதாக ஒரு பத்தி போட்டிருந்தார். முள் காட்டுவது ஒரு பத்தியில், பெட்டி காட்டுவது அதற்கு அருகில்.

"இன்னும் எதுக்கு அண்ணாச்சி எழுதுறீங்க?" என்று கேட்டேன்.

"ரெண்டும் ஒண்ணா இருக்கான்னு பாக்கத்தான் எழுதுதேன். ஒண்ணா இல்லன்னா உங்களக் கூப்பிடுவேன்" என்றார். பிறகு, "உப்பு கொண்டாந்தீங்களா?" என்று கேட்டுச் சிரித்தார்.

கொண்டுபோயிருந்தேன். கருவிப் பையில், திருகாணிகளுக்குப் பக்கத்தில், கல்லுப்பு ஒரு பொட்டலம் இப்போதும் இருக்கிறது.